நியூட்ரல் வேண்டாத ஸ்மார்ட் சுவிட்ச்: அணைத்த பிறகும் மினுங்கும் பல்பு

நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வராத பழைய சுவிட்ச் போர்டில், போனிலிருந்தும் இயக்கக்கூடிய ஸ்மார்ட் சுவிட்ச் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போடலாம். நியூட்ரல் வேண்டாத வகை சுவிட்சை நீண்ட நாள் புழங்கிப் பார்த்ததில் ஹேங் ஆவதில்லை, வைத்த நேரத்துக்கு விளக்கைப் போட்டு அணைக்கிறது, இன்டர்நெட் போனாலும் சுவரில் தட்டினால் எரிகிறது. குறை ஒன்றுதான்: எல்இடி பல்பு முழுசாக அணைவதில்லை.

இருட்டில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தெரியும். ஒரு பல்பு நீறு பூத்த தணல் மாதிரி மங்கலாகக் கனன்றுகொண்டே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு வேறு பிராண்டு போட்டால், சில விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி மறையும். பல்பும் பழுதில்லை, சுவிட்சும் பழுதில்லை. சுவிட்சுக்குள் இருக்கும் சிப்புக்கும் ரேடியோவுக்கும் எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் வேண்டும். நியூட்ரல் இருந்தால் அது அந்த வழியே போய்விடும். இல்லையென்றால் பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும். பழைய குண்டு பல்புக்கு அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை, இழை சூடாகக்கூட ஆகாது. எல்இடி பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டிலோ ஒரு கெபாசிட்டர் உண்டு. கசிந்து வருவதை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, போதுமானது சேர்ந்ததும் பல்பை ஒரு கணம் எரியவிட்டு, திரும்பவும் சேர்க்க ஆரம்பிக்கும்.

இதற்கு மருந்து, கசிவைப் பல்புக்குள் விடாமல் தன் வழியே கடத்தும் பைபாஸ் கெபாசிட்டர். விளக்குக்குப் போகும் இரண்டு வயருக்கும் குறுக்கே, பேரலலாக, மேலே சீலிங் ரோஸிலோ ஹோல்டர் பக்கத்திலோ மாட்ட வேண்டும். வேலை சுலபம் என்று சுவிட்சுக்குக் குறுக்கே மாட்டினால் கசிவு கூடி மினுக்கல் அதிகமாகும். ஒரே சுவிட்சில் மூன்று பல்பு இருந்தாலும் பெரும்பாலும் ஒரு பைபாஸ் போதும். இத்தனை அவசியமான பொருளை டப்பாவுக்குள் வைக்காமல் தனியாக விற்பதுதான் எரிச்சல். அட்டையில் 'எல்லா எல்இடிக்கும் பொருந்தும்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். குறைந்தபட்சம் இத்தனை வாட் லோடு வேண்டும் என்பது மட்டும் கையேட்டில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

வாங்கும் முன் போர்டைக் கழற்றிப் பாருங்கள். அதே போர்டில் பிளக் சாக்கெட் இருந்தால் நியூட்ரல் அங்கேயே இருக்கிறது. ஆனால் சாக்கெட்டும் விளக்கும் ஒரே எம்சிபியில் (அதிக கரண்ட் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்க்காமல் அங்கிருந்து வயரை லூப் எடுக்கக் கூடாது. வேறு ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சாதனம்) நியூட்ரலை எடுத்தால், போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமாகாமல் டிரிப் ஆகும். ஒரு எம்சிபியை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைத்தால், மற்ற சர்க்யூட்டின் வயரில் சப்ளை இருக்கக்கூடும். மெயினையே அணைத்துவிட வேண்டும்.

எர்த் வயரை நியூட்ரலாகப் பயன்படுத்தவே கூடாது. ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் இடையிலும் மல்டிமீட்டர் 230 வோல்ட்தான் காட்டும், அதனால் மீட்டரை மட்டும் நம்ப முடியாது. அந்த வயர் டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) எந்த பாரில், அதாவது வயர்களைச் சேர்த்து முறுக்கும் எந்த உலோகப் பட்டையில் போய் முடிகிறது என்று பார்த்தே உறுதி செய்ய வேண்டும். அப்படிப் பயன்படுத்திய எர்த் எங்காவது விட்டுப்போனால், அதோடு இணைந்த ஃப்ரிட்ஜ், கிரைண்டர் உடம்பிலெல்லாம் ஷாக் அடிக்கும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். வைஃபை மாடல் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேரும். இரும்பு பாக்ஸுக்குள் சிக்னல் மங்கும். கரண்ட் போய் வந்ததும் என்ன நிலை என்பதை ஆப்பில் 'ஆஃப்' என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரியில் விளக்கு தானாக எரியலாம். மோட்டார் லோடு தாங்கும் என்று கையேட்டில் இல்லாவிட்டால் ஃபேனுக்கு மாட்டாதீர்கள்.

பைபாஸ் போட்டபின் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் இதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. கான்டூயிட்டில் (சுவருக்குள் வயர் போகும் குழாய்) இடமிருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து 1.5 சதுர மி.மீ. நியூட்ரல் வயர் ஒன்றை இழுத்துவிட்டு, நியூட்ரல் உள்ள மாடலையே வாங்குங்கள்.