பி0700-க்கு மேல் எட்டிப் பார்க்குமா? ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டர் ஒரு மதிப்பீடு

ஓடிக்கொண்டிருந்த ஆட்டோமேட்டிக் வண்டி திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொள்கிறது, இன்ஜின் விளக்கும் எரிகிறது. வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) மலிவு விலை ஈஎல்எம்327 அடாப்டரைச் செருகி போன் ஆப்பில் பார்த்தால் பி0700 என்ற கோடு (எரர் கோட்) வரும். உடனே ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரான டிசியூ போச்சு’ என்று முடிவு கட்ட வேண்டாம். பி0700 பழுதின் பெயரே அல்ல. ‘என்னிடம் ஒரு கோடு பதிவாகியிருக்கு, விளக்கைப் போடு’ என்று டிசியூ இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு அனுப்பிய சேதி, அவ்வளவுதான். உண்மையான கோடு டிசியூவுக்குள் கிடக்கிறது. அதை எடுத்துத் தருகிறதா என்பதுதான் இந்த அடாப்டருக்கான பரீட்சை.

பதில்: சில வண்டிகளில் தரும், ஆப் சரியாக இருந்தால். இன்ஜினை மட்டும் படிக்கும் ஆப்பில் பி0700-ஓடு கதை முடிந்துவிடும். வண்டியின் பிராண்டைத் தேர்ந்தெடுக்கவிடும் ஆப்பில்தான் பி0715 (இன்புட் வேக சென்சார்), பி0720 (அவுட்புட் வேக சென்சார்) போன்றவை தலைகாட்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளுக்கு இதை நம்பாமல் அவற்றுக்கென்றே உள்ள விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் ஸ்கேனர் வாங்குவதே மேல்.

பெட்டியில் ‘வி1.5’ என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். ஈஎல்எம்327 சிப்பை உருவாக்கிய எல்ம் எலக்ட்ரானிக்ஸ் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. அந்தக் கனடா நிறுவனம் 2022-ல் மூடியும் விட்டது. ஆக இந்த மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் நகல்தான். ‘வி2.1’ நகல்களில் பலவற்றுக்குச் சில கட்டளைகள் தெரியாது, வெறும் கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பும். ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் எல்இ அல்லது வைஃபை மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

யூ0101 வந்தால் டிசியூவோடு பேச்சு அறுந்திருக்கிறது என்று பொருள். டிசியூவுக்கு விலை கேட்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. அடாப்டர் காட்டும் வோல்டேஜில் சிறு பிசகு இருக்கும், அதை நம்ப வேண்டாம். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்களுக்கு இடையே ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 வர வேண்டும். 120 வந்தால் கேன் லைனின் (கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசும் வயர்) ஒரு முனையில் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது வயர் அறுந்திருக்கிறது.

கனெக்டரையும் உருவிப் பாருங்கள். பழைய மெர்சிடிஸின் 722.6 கியர்பாக்ஸில் 13 பின் பிளக்கின் ஓ-ரிங் கெட்டால், ஆயில் வயருக்குள்ளேயே ஊறி டிசியூ வரை ஏறிவிடும். வண்டி 2-ஆம் கியரை விட்டு நகராது. சில நூறு ரூபாய் ரப்பருக்காக டிசியூவையே மாற்றுவது வீண் செலவு.

இந்த அடாப்டரால் சுத்தமாக முடியாதது ஒன்று உண்டு: ஏஎம்டி வண்டியில் (கிளட்ச்சைத் தானே இயக்கும் கியர்பாக்ஸ்) கிளட்ச் மாற்றியபின் செய்யும் கிளட்ச் லேர்னிங், அதாவது புதுக் கிளட்ச்சை டிசியூவுக்குப் பழக்குவது. அதைச் செய்யாமல் விட்டால் புதுக் கிளட்ச்சிலும் ஜெர்க் அடிக்கும். அதற்கு சர்வீஸ் சென்டர் கருவியோ பெரிய ஸ்கேனரோதான் வேண்டும்.

எரர் கோடுகளை அழிக்கும் பட்டனைத் தொடும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு பதிவான நொடியில் சேமிக்கப்பட்ட அளவுகள்) ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், மெக்கானிக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. வேலை முடிந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். 16-ஆம் பின்னுக்கு இக்னிஷன் ஆஃப் ஆனாலும் கரண்ட் வந்துகொண்டே இருக்கும்.