தூக்கமின்மைக்கு மருந்தில்லாச் சிகிச்சை: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற எனக்குத் தூக்கம் கெட்டது விலையால். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புத்தடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், அடுத்த சில வருடங்களில் ஆயிரத்துக்கும் கீழே போனது. மேலே மலையில் குத்தகைத் தோட்டம், கீழே வட்டிக் கடன். அப்புறம் விலை ஏறியது, கடனும் அடைந்தது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். சித்தப்பா, "ஏப்பா, தலைக்கு நல்லெண்ணெய் வச்சுக் குளி, எல்லாம் சரியாப் போகும்" என்றார். குமுளிப் பக்கம் போய், நெற்றியில் எண்ணெயை ஒழுகவிடும் ஆயுர்வேதத் தாரா சிகிச்சை எடுத்துக்கொண்டதும் உண்டு. சுகமாகத்தான் இருந்தது, அன்று இரவு தூங்கவும் செய்தேன். ஆனால் தினமும் எண்ணெய்க்கடியில் படுத்திருக்க முடியுமா? மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அதே சித்தப்பா, "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

மருத்துவர் எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. குறட்டை விடுகிறேனா, தைராய்டு எப்படி, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன், எத்தனை டீ, கடைசி டீ எப்போது என்று விசாரித்தார். மாலையில் குடிக்கும் காபி, டீயின் வேகம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகுமாம். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் இப்படிக் கெட்டு, பகல் பொழுதும் பாழானால் அது நாள்பட்ட தூக்கமின்மை என்றார்.

கவலை தீர்ந்தும் ஏன் தூக்கம் வரவில்லை என்பதற்கு அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. தொடங்கி வைக்கும் காரணம் வேறு, தொடரவைக்கும் காரணம் வேறு. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் முன்வைத்த பார்வை இது. இரவுத் தூக்கத்தை ஈடுகட்ட எட்டரைக்கே படுப்பது, மதியம் கடையில் கண்ணயர்வது, விடிந்தும் எழாமல் கிடப்பது எல்லாம் சேர்ந்து, படுக்கை என்றால் விழித்துக் கிடக்கும் இடம் என்று உடம்பைப் பழக்கிவிடுகின்றன.

அதனால் அவர் சொன்ன நடத்தைச் சிகிச்சை, அதாவது பழக்கத்தை மாற்றித் தூக்கத்தைச் சீராக்கும் முறை (ஆங்கிலத்தில் CBT-I), தலைகீழாக இருக்கிறது: தூக்கம் வராதவரைக் குறைவாகப் படுக்கச் சொல்கிறார்கள். முதலில் ஒரு நோட்டில் எப்போது படுத்தேன், சுமாராக எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன் என்று தினமும் எழுத வேண்டும். ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறேன் என்று அதில் தெரிந்தது. சரி, இனி ஐந்தரை மணி நேரம்தான் படுக்கை: பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழ வேண்டும். எழும் நேரம் மாறவே கூடாது. எங்கள் ஊரில் அதற்கு அலாரம் தேவையில்லை, தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளின் ஹாரனே போதும். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்ப வேண்டும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கிவிட்டால், கால் மணி நேரம் கூட்டித் தருவார்கள்.

முதல் சில வாரங்கள் கொடுமை. இதை யாரும் இனிப்பு தடவிச் சொல்லக் கூடாது. பகலெல்லாம் தள்ளாட்டம், கணக்கில் தப்பு, வீட்டில் சிடுசிடுப்பு. அந்த நாட்களில் கம்பம்மெட்டுச் சாலையில் வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது மாதத்தில்தான் படுத்ததும் கண் மூடியது. வலிப்பு, இருமுனை மனநோய், தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

மாத்திரையோடு ஒப்பிட்டால்? பழைய சீட்டைக் காட்டி ஒரு மெடிக்கலில் நான் வாங்கிய அல்ப்ராசோலம் என்ற மாத்திரை அன்றிரவே வேலை செய்தது, பிறகு அதே அளவு போதவில்லை. திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எனக்கு மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-லேயே பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாக இந்த நடத்தைச் சிகிச்சையைத்தான் பரிந்துரைத்தது. நம் பக்கம் இதைக் கற்றுத்தரும் ஆட்கள் குறைவு என்பதுதான் பெரிய குறை. எனக்குக் கிடைத்த உளவியலாளர் கட்டப்பனைக்காரர், மலையாளம் கலந்த தமிழில் போனிலேயே பாதிச் சந்திப்பை நடத்தினார்.

இப்போதும் காய் பறிக்கும் சீசனில் தூக்கம் தடுமாறும். அப்போது பழைய நோட்டை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கி, படுக்கும் நேரத்தைச் சுருக்கிவிடுவேன், சில நாளில் ஒழுங்காகிவிடுகிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416-ஐ அழைக்கலாம். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.