நாலடிக் கைமடிப்பு மெசின்: பெட்டி செய்பவர் வாங்கலாம், கூரைத் தண்ணிப் பீலி செய்பவருக்கு வேண்டாம்

பரந்தன் சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு பட்டறையில் தகடு வெட்டுவதும் மடிப்பதும் என் வேலை. கறண்ட் இல்லாமல் கையால் மடிக்கிற நாலடி மெசின் ஒன்றை முதலாளி வவுனியாக் கடையொன்றில் எடுத்துத் தந்தார். பெரும்போக அறுவடைக்கால அவசரத்தையும் அதோடு பார்த்தாயிற்று. வாங்கலாமா என்று விசுவமடு, அக்கராயன் பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். விலை எழுதவில்லை. டொலரோடு அதுவும் ஏறி இறங்குகிறது. நீங்கள் விசாரிக்கும் நாளில் நான் சொன்னது பொய்யாகிவிடும்.

இந்த மெசினில் காசு கொடுக்க வேண்டியது அதன் விரல்களுக்குத்தான். தகட்டை மேலிருந்து இறுக்கிப் பிடிக்கும் கட்டை ஒரே நீளமாக இல்லாமல் பல அகலத்தில் துண்டு துண்டாக வரும். அவற்றைத்தான் விரல் என்கிறோம். நீளக் கட்டை உள்ள மெசினில் பெட்டியின் இரண்டு பக்கத்தை மடித்துவிடலாம். மற்ற இரண்டு பக்கத்துக்குப் போனால் முதலில் மடித்த சுவர் கட்டையில் இடிக்கும். இதில் பெட்டியின் உள்ளகலத்துக்கு வேண்டிய விரல்களை மட்டும் விட்டு மிச்சத்தைக் கழற்றிவிட்டால், மடித்த சுவர்கள் இரண்டு பக்கமும் எழும்பி நிற்க இடம் கிடைக்கும், நாலாவது பக்கமும் மடிந்துவிடும். தண்ணி மோட்டர் சுவிச் பெட்டி, லான்ட் மாஸ்ரருக்குச் சாமான் பெட்டி, கோழித்தீன் தட்டு, அரிசி ஆலைக்குப் போகும் சின்னத் தொட்டி எல்லாம் இப்போது இதில்தான். முன்பு இரண்டு கோண இரும்புக்கு நடுவில் தகட்டை இறுக்கிச் சுத்தியலால் தட்டித் தட்டி மடித்தோம். சுத்தியல் தழும்பை மறைக்கவே பெயின்ற் தடிப்பாக அடிக்க வேண்டியிருந்தது.

பெயர்த்தகட்டில் 1220 மில்லிமீற்றர் நீளம், 1.5 மில்லிமீற்றர் தடிப்பு என்று போட்டிருக்கிறார்கள். அது மைல்ட் ஸ்ரீலுக்கான கணக்கு. அதுவும் முழு நீளத்துக்கு 1.5 மில்லி போட்டால் இரண்டு அந்தமும் 90 பாகைக்கு வந்து நிற்க, நடுப்பகுதி இரண்டு மூன்று பாகை விரிந்து கிடக்கும். கைபிடியோடு எழும்பித் தகட்டை மடிக்கும் இரும்புப் பலகை நடுவில் வளைவதால் வருவது இது. பலகைக்குக் கீழே ஓடும் இழுகம்பியின் நட்டை முறுக்கினால் குறையும், முற்றாகப் போகாது. 1.2 மில்லி, அதாவது கடையில் தடிப்புக்குச் சொல்லும் கணக்கில் 18 கேஜ் வரை நிம்மதியாக மடிக்கலாம். தடிப்பு இரண்டு மடங்கானால் மடிக்க வேண்டிய வலு நாலு மடங்காகும். ஒரு அடித் துண்டு நன்றாக மடிந்ததே என்று நாலடியை அதே தடிப்பில் போடாதீர்கள். ஸ்ரெயின்லஸ் ஸ்ரீல் என்றால் 1 மில்லியோடு நிறுத்துங்கள். அது திரும்பி எழும்பும் குணமும் கூடியது. மைல்ட் ஸ்ரீலை 92 பாகை வரை மடித்து விட்டால் 90க்கு வந்து நிற்கும், ஸ்ரெயின்லஸுக்கு இன்னும் மேலே போக வேண்டும்.

கேஜ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் 18 கேஜ் என்று தருவதெல்லாம் 1.2 மில்லி இல்லை. வேர்னியர் வைத்துப் பார்த்துத்தான் நான் அளவு கீறுவேன். பெட்டியின் வெளியளவுகளைக் கூட்டித் தகடு வெட்டும் அளவை எடுக்கும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் தடிப்பின் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கழிக்கிறேன். தடிப்பைப் பிழையாக எடுத்தால் நாலு மடிப்பு முடியும்போது மூடி பெட்டிக்குப் பொருந்தாது. விரல்களை மடிப்புக் கோட்டிலிருந்து தகட்டின் தடிப்பளவாவது பின்னுக்குத் தள்ளி வையுங்கள். கூர்மையாக வரட்டும் என்று கோட்டோடு ஒட்ட வைத்து இறுக்கினால் தகட்டுக்குக் கறள் பிடிக்காமல் பூசியிருக்கும் நாகமுலாம் மடிப்பில் வெடிக்கும். பூநகரிப் பக்கம் போகும் பெட்டி என்றால் உப்புக்காற்றுக்கு முதலில் கறள் பிடிப்பது அந்த மடிப்பில்தான்.

இனிக் குறைகள். மெசின் உயரமான ஆளுக்குச் செய்தது. என்னைப் போல ஐந்தடிப் பெண் கைபிடியை மேலே கொண்டுபோகும்போது கடைசி இருபது பாகைக்குத் தோளில்தான் பிடிக்கும். தச்சன் ஒருவரிடம் நீளப் பலகை மேடை செய்வித்து அதில் ஏறி நிற்கிறேன், இப்போது பறவாயில்லை. மெசினின் மடிக்கும் பலகையின் பாரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் எதிர்ப்பாரம் உண்டு. அதன் இறுக்கு நட்டைக் காலையில் ஒருக்கால் தொட்டுப் பாருங்கள், கழன்றால் முழங்காலுக்குத்தான் வரும். கொங்கிறீற்றில் போல்ற் அடித்துப் பூட்டாமல் ஒரு தகடும் மடிக்க வேண்டாம், மெசின் முன்னுக்குச் சரியும்.

எங்களுக்கு வந்ததில் ஒரு விரல் மற்றவற்றை விடக் கொஞ்சம் நீண்டிருந்தது. எந்தத் தகட்டை இறுக்கினாலும் அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழும். கடைக்காரருக்குப் போன் எடுத்தால், "இறுக்க இறுக்கச் சரியாகும் தங்கச்சி" என்கிறார். இரும்பு எங்கே இறுக்கச் சரியாகும்? கிளிநொச்சியில் கடைசல் பட்டறையில் கொடுத்து அரைத்து எடுத்தோம், செலவு எங்களுடையது.

பீலி செய்பவர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன், இது வேண்டாம். நாலடிக்கு ஒரு பொருத்து வைத்தால் மாரியில் பொருத்துக்குப் பொருத்து ஒழுகும், வீட்டுக்காரர் உங்களைத்தான் தேடி வருவார். எட்டடி மெசின் வாங்குங்கள், இல்லாவிட்டால் ரவுனில் நீளமாக மடித்து எடுங்கள். நாங்களும் பீலிக்கு அப்படித்தான் செய்கிறோம்.

பெரிய ஹைட்ரோலிக் மெசின் நல்லது என்பதில் வாதமில்லை. ஆனால் அதற்கு மூன்று பேஸ் கறண்ட் வேண்டும், எங்களுக்கு உள்ளது வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸ்தான். 2022 இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கறண்ட் போனபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் மடிப்பு வேலையாவது நடந்திருக்கும் என்று முதலாளி இப்போதும் சொல்வார். வெல்டிங்குக்குக் கறண்ட் இல்லாமல் பெட்டி எப்படி முடியும் அண்ணை என்று கேட்டால், "ரிவெட் அடிப்பம்" என்பார். அதுவும் சரிதான், சுவிச் பெட்டிக்கு ரிவெட் போதும்.

வாங்கப் போகிறவர்கள் நாலடி நீளத்தில் 1.2 மில்லித் தகட்டுத் துண்டொன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே மடித்து, இரண்டு அந்தத்திலும் நடுவிலும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு எல்லா விரல்களையும் இறக்கி, கீழே ஒரு கடதாசித் துண்டை விட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஒரு விரலில் இறுகி மற்றதில் வழுகினால் அந்த மெசின் வேண்டாம். மடித்துப் பார்க்க விடமாட்டோம் என்கிற கடையில் பேரம் பேசிக்கொண்டு நிற்க வேண்டாம்.