ஷாட்கி டையோடு: தாழ்ந்த அரணா, உயர்ந்த அரணா?

ஷாட்கி டையோடு என்பது உலோகமும் சிலிக்கானும் தொடும் சந்தியால் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் முன்னோக்கு மின்னழுத்த வீழ்ச்சியையே, அதாவது மின்னோட்டம் ஓடும்போது டையோடில் இழக்கப்படும் வோல்ட்டையே, முதலில் பார்க்கிறார்கள். டேட்டாஷீட்டில் முன்வரிசையில் நிற்கும் அந்த எண் பொதுவாக 25 டிகிரி செல்சியஸுக்கு உரியது. மின்வழங்கிக்குள் டையோடு உழைப்பதோ 100 டிகிரியை ஒட்டி. அந்தச் சூட்டில் எது உகந்தது என்பதைப் பின்னோக்குக் கசிவு மின்னோட்டமே, அதாவது தடுக்க வேண்டிய திசையிலும் கசியும் சிறு மின்னோட்டமே, முடிவு செய்கிறது.

உலோகமும் சிலிக்கானும் தொடும் இடத்தில் எலக்ட்ரான்கள் கடக்க வேண்டிய ஆற்றல் அரணின் உயரம், பயன்படுத்தப்படும் உலோகத்தைப் பொறுத்தது. குரோமியம், டைட்டானியம் போன்றவை தாழ்ந்த அரணையும், பிளாட்டினம் உயர்ந்த அரணையும் தருகின்றன. அரண் 0.1 எலக்ட்ரான் வோல்ட் உயர்ந்தால், கோட்பாட்டுக் கணக்கின்படி அறை வெப்பநிலையில் கசிவு ஏறத்தாழ 48-இல் ஒரு பங்காகக் குறையும். அதற்கு ஈடாக முன்னோக்கு வீழ்ச்சி சுமார் 0.1 வோல்ட் கூடும், அதாவது 10 ஆம்பியர் ஓடும்போது 1 வாட் கூடுதல் இழப்பு. 127 டிகிரியில் அந்த 48 மடங்கு 18 மடங்காகச் சுருங்குகிறது. இதை வைத்து உயர்ந்த அரணின் அனுகூலம் சூட்டில் தேய்கிறது என்று முடிவுகட்டுவது தவறு, ஏனெனில் 0.6 எலக்ட்ரான் வோல்ட் அரண் கொண்ட டையோடின் கசிவு அதற்குள் 600 மடங்களவு பெருகியிருக்கும்; உயர்ந்த அரண் தவிர்க்கும் கசிவும் அதனால் மிகப் பெரிது.

தாழ்ந்த அரணின் உண்மையான ஆபத்து இழப்பின் அளவில் மட்டும் இல்லை. கசிவு சந்தியைச் சூடாக்குகிறது, சூடு கசிவை மேலும் பெருக்குகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கசிவு இரட்டிப்பாகிறது என்று கொண்டால், கசிவு மட்டுமே உண்டாக்கும் வெப்பநிலை உயர்வு ஏறக்குறைய 14 டிகிரியைத் தாண்டியதும் சமநிலை குலைந்து, டையோடு கட்டுக்கடங்காமல் சூடேறும் தெர்மல் ரன்அவே நிலைக்குப் போய்விடும். சூடான நிலையில் 10 மில்லிஆம்பியர் கசியும் டையோடு, பாதி நேரம் 40 வோல்ட்டைத் தடுத்து நின்றால் கசிவு இழப்பு 0.2 வாட். வெப்பத்தடை வாட்டுக்கு 60 டிகிரி எனில் உயர்வு 12 டிகிரி, மயிரிழையில் தப்பலாம்; 80 டிகிரி எனில் 16, தப்ப வழியில்லை. சோலார் பேனலில் நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்னோட்டத்தைக் கடத்தும் பைபாஸ் டையோடும் இத்தகைய நிலையைச் சந்திக்கிறது: நிழல் விழுந்திருக்கும்போது மின்னோட்டத்தைச் சுமந்து சூடேறிய டையோடு, நிழல் விலகியதும் அதே சூட்டோடு பின்னோக்கு மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே 3.3 வோல்ட் வெளியீடு போல, பின்னோக்கு மின்னழுத்தம் சிறிதாகவும் ஒவ்வொரு 0.1 வோல்ட்டும் திறனில் 3 சதவீதமாகவும் கணக்காகும் இடங்களில் மட்டுமே தாழ்ந்த அரணைப் பரிந்துரைப்பேன். பின்னோக்கு மின்னழுத்தம் ஏற ஏற அரண் சற்றே தாழ்ந்து கசிவு மேலும் கூடும் என்பதால், தரமதிப்புக்கு (டையோடு தாங்கும் உச்ச பின்னோக்கு மின்னழுத்தத்துக்கு) வெகு கீழே இயக்குவதும் நல்லது. மூடிய பெட்டி, ஹீட்சிங்க் இல்லாத பலகை, 40 வோல்ட்டுக்கு மேற்பட்ட தடுப்பு ஆகியவற்றில் உயர்ந்த அரணே என் தேர்வு.

உலோகத்துக்குப் பதில் இரு வகைச் சிலிக்கான் சேரும் சாதாரண பி-என் டையோடின் கசிவு மைக்ரோஆம்பியர் அளவில் நின்றுவிடும். ஆனால் வேகமாக மாறும் சுற்றில் கடத்துவதை நிறுத்தித் தடுக்கத் தொடங்க அது எடுக்கும் மீட்சி நேரம் இழப்பாக மாறுகிறது. சிலிக்கான் கார்பைடு ஷாட்கியின் அரண் 1 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுவதால், பல வகைகள் 175 டிகிரி சந்தி வெப்பநிலை வரை இயங்குகின்றன. அதன் சுமார் 1.5 வோல்ட் வீழ்ச்சி 12 வோல்ட் வெளியீட்டில் ஏற்கத்தக்கதல்ல. 400 வோல்ட் சுற்றில் அது பொருட்டே இல்லை.