வேர்முடிச்சு நூற்புழு: மருந்துக்கூர்க்கனுக்கு எந்த நுண்ணுயிர், எப்போது?

மருந்துக்கூர்க்கன் (கோலியஸ்) என்ற மூலிகைப் பயிரில் விலைபோவது வேர்தான். அந்த வேரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தால் வாங்குபவர் திருப்பி அனுப்புவார். வேர்முடிச்சு நூற்புழு என்ற கண்ணுக்குத் தெரியாத மண்புழுவினம் அல்லாத நுண்புழு தாக்கி வேரில் முடிச்சு விழுந்தாலும் அதே கதிதான். அமுக்கராவுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்குக்கும் இது பொருந்தும். அதனால் பலரும் நுண்ணுயிர்களை நாடுகிறார்கள். ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், புழு எந்தப் பருவத்தில் இருக்கும்போது அது வேலை செய்யும் என்று பார்க்க வேண்டும்.

இளம்புழு வேர்நுனியருகே துளைத்து நுழைகிறது. பெண்புழு உள்ளேயே நிலைகொண்டு பருத்து, பசைப்பையில் 200 முதல் 500 முட்டைகள் வரை இடும். 27 டிகிரி வெப்பத்தில் ஒரு சுழற்சி முடிய 25–30 நாள் ஆகும். வேருக்குள் புகுந்துவிட்ட புழுவை இங்கே பேசப்போகும் எதுவும் சரிவர எட்டாது. நுழையுமுன் தடுக்கலாம், அல்லது முட்டையை அழிக்கலாம்.

சூடோமோனாஸ் முதல் வேலைக்கு. இந்தப் பாக்டீரியா வேரின்மேல் குடியேறி இளம்புழுவைத் தடுமாற வைக்கிறது, செடியின் சொந்த எதிர்ப்பையும் தூண்டுகிறது. லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, தண்டுக்குச்சியின் அடிப்பகுதியை 30 நிமிடம் நனைத்து நடலாம். இதன் பலவீனம் ஆயுள். வித்து (கடுஞ்சூழலைத் தாங்கும் உறங்குநிலை ஸ்போர்) உருவாக்காத பாக்டீரியா என்பதால் டால்க் பொடியில் மூன்று, நான்கு மாதத்துக்குமேல் உயிர் எண்ணிக்கை சரியும். வெயிலில் கிடந்த பொட்டலம் வெறும் பொடிதான். பேசில்லஸ் சப்டிலிஸ் வித்தாக உறங்கிக் கிடக்கும், சேமிப்பில் நீண்டநாள் தாங்கும். கடையிலிருந்து வயல் தூரமென்றால் எங்கள் தேர்வு இதுவே.

முட்டைக்கு இரண்டு பூஞ்சைகள் போட்டியிடுகின்றன. பர்பூரியோசில்லியம் (2011 வரை பேசிலோமைசிஸ் என்றே பெயர், பழைய பொட்டலங்களில் இன்றும் அப்படித்தான்) முட்டையின் ஓட்டைக் கரைத்து உள்ளே வளர்கிறது. முட்டையும் கரிமப்பொருளும் நிறைய இருந்தால் வேகமாகப் பெருகும். நடவுக்கு 15 நாள் முன்பு 1 டன் மக்கிய தொழுவுரத்தில் 2 கிலோ பொடியும் 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து, நிழலில் குவித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரம் காத்து, வாரம் ஒருமுறை கிளறி வையுங்கள். பச்சைச் சாணத்தில் கலந்தால் மக்கும் சூட்டிலேயே பூஞ்சை செத்துவிடும். பலர் தோற்பது இங்கேதான். பொடியைக் கையாளும்போது முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். இந்தப் பூஞ்சை அரிதாகக் கண்ணில் தொற்றை உண்டாக்கும்.

பொக்கோனியா மெதுவானது. ஆனால் தடித்த சுவருள்ள வித்துகளாக மண்ணில் நீடிக்கும், வேரிலும் குடியேறும். தண்ணீர்விட்டான் போல ஆண்டுக்கணக்கில் நிலத்தில் நிற்கும் பயிருக்கு இதுவே பொருத்தம். ஆறு மாதத்தில் பிடுங்கும் கூர்க்கனுக்குப் பர்பூரியோசில்லியம் முந்தும். முடிச்சு பெருத்துவிட்டால் முட்டைப்பை வேர்த்திசுவுக்குள் புதைந்துகொள்ளும். அப்போது இரண்டுமே கைவிடும்.

டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையை நூற்புழுவுக்கென்றே விற்கிறார்கள். அதன் பலம் வேரழுகல் பூஞ்சைகளிடம்தான். முடிச்சுக் காயத்தின் வழியே அழுகல் புகும் நிலத்தில் துணைக்குச் சேர்க்கலாம், தனியாக நம்பக்கூடாது.

சேர்த்துப் பயன்படுத்தினால்? குச்சி நனைக்கச் சூடோமோனாஸ், தொழுவுரத்தில் பர்பூரியோசில்லியம் என்று பிரித்துக் கொடுப்பது ஒரே வாளியில் கலப்பதைவிட மேல். கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி இந்த நன்மைப் பூஞ்சைகளையும் கொல்லும். தாமிர மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசினும் பாக்டீரியாவைக் கொல்லும். டால்க் பொடியைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் துளைகள் அடைபடும். அதற்குத் திரவ வடிவம் வாங்குங்கள்.

நாற்றங்காலை மறக்க வேண்டாம். குச்சி வேர்விடும் அந்த ஒரு மாதத்தில் புழு ஏறிவிட்டால், வயலில் எதைக் கொட்டினாலும் அது தாமதம்தான். மேலே சொன்னபடி பூஞ்சை கலந்து ஊட்டமேற்றிய தொழுவுரத்தைப் பாத்தி மண்ணிலேயே கலந்துவிடுங்கள்.

நட்ட 60ஆம் நாள் ஐந்தாறு செடிகளை மண் உதிராமல் தோண்டி, வேரைக் கழுவிப் பாருங்கள். சில முடிச்சுகள் தெரிவது தோல்வியல்ல, அவை முதல் தலைமுறை. இளவேர்களில் புதுமுடிச்சு வரிசையாகத் தொடர்ந்தால்தான் முட்டை அழிப்பு நடக்கவில்லை என்று பொருள். முடிச்சே இல்லாமல் வேர் கடிபட்டிருந்தால் அது வெண்புழு (மண்ணில் வாழும் வண்டின் இளம்புழு). அதற்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சைதான் மருந்து.