‘ய’வும் ‘ழ’வும் ஒடுங்கின கீபோட் கவர்

ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு போன கிழமை பற்றரி மாற்றி வந்திருக்கிற புளூரூத் கீபோட் கவர் ஒன்றைப் பற்றியது இது. ரப்லெற் ஒன்பதாம் தலைமுறை ஐபாட், 10.2 அங்குலம். கவரில் சொல்லும்படியான கம்பனிப் பெயர் இல்லை. ஒரே அச்சில் வார்த்த சாமான் நாலைந்து பெயரில் யாழ்ப்பாணக் கடைகளில் தொங்குகிறது, இப்போது விலையும் இறங்கியிருக்கிறது. அதனால்தான் “வாங்கலாமோ?” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் அடிக்கிற ஆளா, எந்த முறையில் அடிக்கிற ஆள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல ஏலாது.

சிக்கல் முழுக்க வலது ஓரத்தில். மேசைக் கொம்பியூட்டர் கீபோட்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீற்றர். இந்த ஐபாட்டின் நீளப்பக்கம் 250.6 மில்லிமீற்றர். மேல் எழுத்து வரிசையில் Q விசையில் தொடங்கி சதுர அடைப்புகள் இரண்டும் சேர்த்து 12 விசை. 12 × 19 என்றால் 228. மிச்சம் 22 மில்லிமீற்றருக்குள் இடப்பக்க ரப் விசை, வலப்பக்கப் பின்சாய்கோடு, இரண்டு கரை எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. எனவே செய்தவர்கள் ஆங்கில எழுத்து 26ஐயும் 17, 18 மில்லிமீற்றரில் காப்பாற்றிவிட்டு, அரைப்புள்ளி, மேற்கோள், சதுர அடைப்பு, சாய்கோடு ஆகியவற்றை 12க்கு நசுக்கிவிட்டார்கள். ஆங்கிலம் அடிக்கிறவருக்கு இது கண்ணிலேயே படாது. கடிதம் முழுவதற்கும் அரைப்புள்ளி ஒருக்கா வந்தால் அதிசயம்.

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அந்த நசுங்கின விசைகளில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சதுர அடைப்புகளில் ‘ச’வும் ‘ஞ’வும். அரைப்புள்ளியில் ‘ந’. மேற்கோளில் ‘ய’. கீழ் வரிசைச் சாய்கோட்டில் ‘ழ’. ‘யாழ்ப்பாணம்’ என்று அடிக்கப் பத்துத் தட்டு, அதில் முதலாவதும் மூன்றாவதும் ஒடுங்கின விசை. ஊரின் பேரை எழுதவே சுண்டுவிரலைக் கூராக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சாவகச்சேரியில் மூன்று ‘ச’. நயினாதீவு இன்னும் மோசம்: ‘ந’, ‘ய’ இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஒடுங்கல், அதற்கு அடுத்தாற்போல் என்ரர். ‘ய’வுக்குப் போன விரல் அரை விசை தள்ளிப் போனால் என்ரர் அமுங்கும். ஆவணத்தில் என்றால் புது வரி, அழித்துவிடலாம். என்ரரில் செய்தி போகிறமாதிரி வைத்திருந்தால் ‘ந’ மட்டும் தனியே போய்ச் சேரும்.

பழகிவிடும் என்று சொல்வார்கள். விரல் பழகத்தான் செய்கிறது, ஏறத்தாழ மூன்று கிழமையில். ஆனால் அலுவலகத்தில் முழுக் கீபோட்டில் அடித்துவிட்டு பின்னேரம் இதில் இருந்தால் முதல் பத்து நிமிடமும் பிழைதான். இரண்டு அளவுக்கும் ஒரே கை மாறி மாறிப் பழகுவது கயிற்றில் நடக்கிற வேலை.

நியாயமாகச் சொன்னால், அஞ்சல் முறையில், அதாவது ஆங்கில எழுத்தொலியில் அடிக்கிறவர்களுக்கு இந்த அழுகை தேவையில்லை. அவர்களுக்கு ‘ய’ Y இல், ‘ழ’ Z இல். இரண்டும் முழு அளவு. இங்கே மாட்டிக்கொள்வது பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் பழகின கைக்காரர். பாமினியில் மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளியே அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லுக்கு மூன்று தரம் அதை அமத்த வேண்டும். அச்சகத்திலும் ரைப்பிங் கடையிலும் இருபது வருடம் ஓடின கைக்கு அது சித்திரவதை. அதைவிட முக்கியமாக, ஐபாட்டில் வெளிக் கீபோட்டுக்கு உள்ளபடி வருவது தமிழ்99உம் அஞ்சலும்தான். ஆப் ஸ்ரோரிலிருந்து இறக்குகிற கீபோட்கள் திரையில் வேலைசெய்யும், வெளிக் கீபோட்டுக்கு எடுபடாது. பாமினியை விட மாட்டேன் என்பவர் அன்ரொயிட் ரப்லெற் எடுத்து, வெளிக் கீபோட்டைக் கையாளுகிற தமிழ் ஆப் ஒன்றை முதலில் சோதித்துவிட்டுத்தான் கவருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

ஐபாட்டில் முறையை மாற்றும் இடம் சிலருக்குத் தெரியாது. கீபோட் இணைந்திருக்கும்போது மட்டும் செற்றிங்ஸ், ஜெனரல், கீபோட் என்று போனால் ‘ஹார்ட்வெயர் கீபோட்’ என்ற வரி தெரியும். அதற்குள் தமிழைத் தட்டி முறையைத் தெரிவுசெய்யலாம். மொழி மாற்ற கொன்ரோலும் ஸ்பேஸும்.

கடையில் பார்க்க வேண்டியது இதுதான்: ஒரு சிறிய அடிமட்டம் கொண்டுபோங்கள். J இன் நடுவிலிருந்து K இன் நடுவுக்கு அளவுங்கள், பிறகு அரைப்புள்ளியின் நடுவிலிருந்து மேற்கோளின் நடுவுக்கு. இரண்டும் ஒன்றானால் நல்ல கவர். 3 மில்லிமீற்றருக்கு மேல் குறைந்தால் மேலே சொன்ன கதைதான். சில கவரில் சதுர அடைப்பு தனி விசையாகவே இருக்காது, எஃப்என் விசையோடு சேர்த்து அமத்த வேண்டும். அதில் தமிழ்99 ‘ச’வுக்கு என்ன ஆகும் என்பதைக் கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். பெட்டி ஒட்டியிருக்கிறது, உடைக்க ஏலாது என்றால் பெட்டிப் படத்திலேயே விசை அகலத்தை ஒப்பிடலாம்.

இனி நல்லவை. பிணைச்சல் ஒன்றரை வருடத்தில் தளரவே இல்லை, திரையை எந்தச் சாய்விலும் நிறுத்தலாம். மடியில் வைத்து அடிக்கவும் நிற்கும். பின்னால் கால் விரிகிற வகைக் கவர்கள் மேசை இல்லாமல் நிற்காது, பஸ்ஸில் அவை வெறும் பாரம். பாரம் இதிலும் உண்டு: ஐபாட் 487 கிராம், கவரும் ஏறத்தாழ அவ்வளவு. விசைக்குக் கீழ் வெளிச்சம் கரண்ட் போன இரவில் கை கொடுக்கும். ஆனால் அதைப் போட்டே வைத்தால் கிழமைக்கணக்கில் நிற்கிற சார்ஜ் ஒரு சில நாளில் முடியும்.

சார்ஜ் என்றதும் கோபம் திரும்ப வருகிறது. யூஎஸ்பி-சி துவாரம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இரு முனையும் சி ஆன வயரைக் குத்தினால் உயிர் வராது. பழுது இல்லை, அந்தத் துவாரத்தில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்ரர் இரண்டையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள். அவை இல்லாவிட்டால் சார்ஜர் மறுமுனையில் ஆள் இருப்பதையே அறியாது, மின்சாரம் விடாது. பழைய அகலத் துவாரச் சார்ஜரில் ஏ முனையும் சி முனையும் உள்ள வயரைப் போட்டால் ஏறும். இது தெரியாமல் ‘கீபோட் செத்துப்போச்சு’ என்று எறிந்தவர்கள் எத்தனை பேரோ.

பற்றரி உண்மையிலேயே போனால் மாற்றலாம். அடித்தட்டைச் சூடுகாட்டிக் கழற்றினால் உள்ளே 3.7 வோல்ற் தட்டைப் பை. அதன்மேல் ஆறு இலக்கம் இருக்கும்: 304050 என்றால் தடிப்பு 3, அகலம் 40, நீளம் 50 மில்லிமீற்றர். தடிப்புக் கூடினதைப் போட்டால் நடு விசைகள் மேலே தள்ளும். கைபேசி திருத்துகிற எந்த இடத்திலும் ஒட்டிக் கொடுப்பார்கள், சிவப்பு கறுப்பு வயரை மாற்றி ஒட்டாமல் இருந்தால் சரி. மாதக்கணக்கில் வெறுமையாகப் போட்டுவைப்பதும், வெயிலில் நிற்கிற மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைப்பதும்தான் பற்றரியைக் கொல்கிற இரண்டு பழக்கம். விசைகள் தாமாக மேலெழுந்து தெரிந்தால் பை ஊதுகிறது. அதற்குப் பிறகு சார்ஜ் போட வேண்டாம்.

சோளகக் காலத்தில் புழுதி. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண் மா மாதிரி விசைக்குக் கீழே இறங்கும். கவிழ்த்துப் பிடித்து மெல்லிய பெயின்ற் தூரிகையால் தட்டினால் போதும். ஸ்பேஸ் விசையைக் கிளப்பப் போகாதீர்கள், அதன் கம்பி திரும்பக் கொளுவாது. தமிழ் எழுத்து ஸ்ரிக்கர் ஒட்டுபவர்கள் முதலில் ஸ்பிரிற்றால் துடைத்து உலரவிடுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் ஒரு மாதத்தில் கரை சுருளும். ‘ய’, ‘ந’, ‘ழ’ ஸ்ரிக்கர்களின் கரையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். பக்கத்து விசையில் ஏறினால் இரண்டும் சேர்ந்து அமுங்கும்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கீபோட் தூங்கிவிடும், எழும்பும்போது முதல் தட்டை விழுங்கும். ஷிஃப்டை ஒருக்கா அமத்தி எழுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

கவர் கேட்கும்போது அங்குலத்தைச் சொல்லாதீர்கள். 10.9 என்று சொன்னால் ஐபாட் எயர் நாலு, ஐந்தின் கவரும் வரலாம், பத்தாம் தலைமுறை ஐபாட்டின் கவரும் வரலாம். உடல் அளவு வேறு, ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. செற்றிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தில் உள்ள மொடல் இலக்கத்தைக் காட்டுங்கள்.

தமிழ்99காரர் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெறும் ஸ்ராண்ட் கவரும் தனியாக முழு அளவுப் புளூரூத் கீபோட்டும் எடுங்கள், மடியில் வைக்க முடியாது என்பது மட்டும்தான் குறை. இந்தக் கவருக்கு இன்னொரு பற்றரிக்குக் காசு கொடுத்தது ஏன் என்று கேட்டால், அந்தப் பிணைச்சலுக்காக. இந்த மதிப்புரையும் இதில்தான், மடியில் வைத்து அடித்தது. ‘ய’ வருகிற இடமெல்லாம் இரண்டு தரம் பார்த்துக்கொண்டு.