ஏ9 வீதியில் எங்கே சாப்பிடுவது: அம்மாச்சியா, சோத்துக்கடையா, கொத்துக்கடையா?

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, வழியில் ஏ9 வீதியில் வருகிற வன்னி என்றால் முறிகண்டிக் கோயில்தான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சானும் ஒரு பிளேன்ரீயும் வாங்கிக்கொண்டு, "சாப்பாட்டை யாழ்ப்பாணத்தில பாப்பம்" என்று வாகனத்தை எடுத்துவிடுவார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குறைந்த காசுக்கு அருமையாகச் சாப்பிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போவது எனக்குப் பெரிய மனவருத்தம்.

கடைகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். மிஷெலின் என்ற பிரெஞ்சு டயர் கம்பனி, கார் வைத்திருப்பவர்களுக்காக 1900இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. கையைக் கடிக்காத விலையில் நல்ல சாப்பாடு தருகிற இடங்களுக்கென்று 1997இல் 'பிப் குர்மாண்ட்' என்ற தனி அங்கீகாரத்தையும் கொண்டுவந்தது. அவர்களுடைய ஆய்வாளர்கள் தாங்கள் யாரென்று சொல்லாமல் வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பொருளின் தரம், சமைப்பவரின் கைத்திறன், சுவைகளின் ஒத்திசைவு, சமையலில் தெரிகிற தனித்தன்மை, எந்த நாள் போனாலும் மாறாத தரம் என்ற ஐந்தைத்தான் பார்ப்பார்கள். கதிரையும் குளிரூட்டியும் கணக்கில் இல்லை. அதனால்தான் 2016இல் சிங்கப்பூரில் தெருவோரச் சாப்பாட்டுக்கடைகள் இரண்டுக்கு நட்சத்திரமே கிடைத்தது. அந்த ஐந்தையும் வைத்து எங்கள் கடைகளைப் பார்ப்போம்.

முதலில் அம்மாச்சி. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற பாரம்பரிய உணவகம் இது. வவுனியாவிலும் இருக்கிறது, கிளிநொச்சியிலும் இருக்கிறது. வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அக்கா, அவவுக்கு முன்னால் ஒரு அடுப்பு. தோசைக்கு ஒருவர், பிட்டுக்கு ஒருவர், வடைக்கு ஒருவர், கஞ்சிக்கு ஒருவர். உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கல்லில் குரக்கன் மா தோசை விரிகிறது. ஓரம் எழும்புகிற நேரம் பார்த்து அகப்பையால் ஒரு தட்டுத் தட்டி, கழற்றி, லஞ்ச் சீற் போட்ட கோப்பையில் வைத்து, பக்கத்திலேயே சம்பலும் வைத்துத் தருவா. அடுப்பிலிருந்து கைக்கு வர ஒரு நிமிசம்கூட ஆகாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால், வெளியே ஒரு ரோல்சும் பால்ரீயும் எடுத்த காசிலிருந்து அதிகம் தூரம் போயிராது.

ஐந்து அளவுகோலில் நான்கில் அம்மாச்சி நல்ல புள்ளி எடுக்கிறது. குரக்கன், உளுந்து, ஒடியல், கீரை எல்லாம் எங்கள் மண்ணில் விளைவது. சமைப்பவரின் கையும் தெரிகிறது; இரண்டு அக்காமார் போடுகிற உளுந்து வடை ஒன்றுபோல இருக்காது. ஐந்தாவதில்தான் கொஞ்சம் இடறுகிறது. ஒரு தட்டியில் அமிர்தம், அடுத்த தட்டியில் சுமார். பின்னேரம் பிந்திப் போனால் விருப்பமானது முடிந்துவிடும். இதற்கு என்னுடைய யோசனை: முழு வரிசையையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, எந்த அடுப்பு இப்போது எரிந்துகொண்டிருக்கிறதோ அங்கே வாங்குங்கள். ஆறவைத்து அடுக்கியதை விட்டுவிடுங்கள்.

மத்தியானத்துக்கு என்றால் என் மனம் சோத்துக்கடைப் பக்கம்தான் சாயும். பெயர்ப்பலகை மங்கிப்போய், வாசலில் இரண்டு மூன்று உழவு இயந்திரம் நிற்கிற கடையாகப் பாருங்கள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு மரக்கறி, அப்பளம், கடைசியில் சொதி. சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்க வரும், மீனுக்குத்தான் கணக்கு. அந்த மீனில்தான் வன்னியின் தனித்தன்மை இருக்கிறது. இது குளங்களின் நாடு. விரால் கிடைத்த நாளில் குழம்பு வேறு தரம். குளத்து மீனில் சேற்று மணம் இருக்கும் என்று முகம் சுளிக்கிறவர்கள், அதைச் சமைக்கத் தெரிந்தவர் கையால் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். உப்பும் பழப்புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வறுத்த மிளகாய்த்தூளில் கொதிக்கவிட்டு, இறக்கப் போகும்போது முதற்பாலை விட்டால் அந்த மணம் இருந்த இடம் தெரியாது. முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால் குளத்துக்குப் பதில் கடல். நந்திக்கடல், நாயாற்று இறால் அகப்பட்டால் விடாதீர்கள்.

சோத்துக்கடையின் பலவீனம் நேரம். பன்னிரண்டரைக்குப் போனவர் சாப்பிட்டதும் இரண்டரைக்குப் போனவர் சாப்பிட்டதும் ஒரே கடைச் சோறு என்று நம்பமுடியாது. சோறு விறைத்து, பொரியல் நமத்துப் போயிருக்கும். வேளைக்குப் போனால், பொருளிலும் சுவையிலும் அம்மாச்சியை இது முந்திவிடும் என்பதே என் தீர்ப்பு.

கொத்துக்கடை இரவுக்கானது. கைத்திறன் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதற்கே முதலிடம். மாவை வீசி விரித்து ரொட்டியாக்குவதும், இரண்டு தகடும் கல்லில் தாளம் தப்பாமல் விழுவதும் பல வருசப் பழக்கம். ஆனால் கோதுமை கப்பலில் வருவது. 2022 பொருளாதார நெருக்கடியில் மா விலை ஏறியபோது கொத்தின் விலையும் கூடவே ஏறியது. குறைந்த விலைச் சாப்பாடு என்று அதை இப்போது சொல்லமுடியாது. வன்னியில் சாப்பிடுகிற கொத்துக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் சாப்பிடுகிற கொத்துக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை.

ஆக, ஒரே ஒரு கடைக்குத்தான் பிப் குர்மாண்ட் என்றால் நான் அம்மாச்சிக்குக் கொடுப்பேன். காலையில் போனாலும் மாலையில் போனாலும் அங்கே சூடாக ஏதோ ஒன்று இருக்கும். விலை பிள்ளைகுட்டியோடு வருகிற குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும். சோத்துக்கடைக்கோ நேரம் பார்த்துத்தான் போகவேண்டும். இரவு பத்து மணிக்குக் கிளிநொச்சியில் இறங்கிப் பசியோடு நிற்கிறவருக்கு வேறு வழியில்லை, கொத்துத்தான். முட்டைக் கொத்தாக எடுங்கள். குழம்பைத் தனியாகக் கேளுங்கள், உறைப்பைப் பார்த்து நீங்களே அளவாக விட்டுக்கொள்ளலாம்.